மரங்கொத்தியை எடுத்துவிடவும்

...எடுத்துவிடவும் என்று எழுதியிருக்கிறாள், மேஜைமேல் கிடக்கும் காலிக் கோப்பையை எடுக்கச் சொல்வதுபோல, 'பழைய விளையாட்டுகள் அனைத்தின் தொடக்கத்திலிருந்தும் மரங்கொத்தியை எடுத்துவிடவும், இன்று மாலைக்குள்', கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை வேறு, இந்தச் சிரிப்புப் பொம்மையைக் கண்டுபிடித்தவன் மட்டும் என் கையில் கிடைத்தால்... சரி, அவளைச் சொல்லி என்ன, புது முதலாளிகள் அனுப்பிய புது மேனேஜர், எங்களுக்கு ஒரு பெண் பிறந்திருந்தால் அவள் வயதுதான் இருக்கும், அவளுக்கு மரங்கொத்தி ஒரு பறவை, அவ்வளவுதான். எனக்கு அது ஒரு கம்பெனி. கல்யாணமான புதிதில் நானும் அவரும் எங்கள் சாப்பாட்டு மேஜையில் தொடங்கியது, யார் யாரோ எழுதிக்கொண்டு வந்த வீடியோ கேம்களை டிஸ்க்கில் பதிந்து, அட்டைப்பெட்டி மடித்து, கடை கடையாகக் கொண்டுபோய்ப் போட்டோம், வெளியீட்டாளர்கள் என்று விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டோம், மேஜை முழுக்க டிஸ்க் கிடந்ததால் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். எங்கள் விளையாட்டு எதைப் போட்டாலும் முதலில் திரையில் மரங்கொத்தி வரும், மரத்தைக் கொத்தும், டொக் டொக்... டொக். அது அவர் விரல் முட்டியால் அந்த மேஜையில் தட்டிய சத்தம். மூன்றாவது தட்டு தாமதித்ததற்குக் காரணம் நான், நடுவில் தும்மல் வந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அந்தக் கோலத்தைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு, அதை அடக்கிக்கொண்டு தட்டினார், திரும்பப் பதிவு பண்ணலாம் என்றேன், வேண்டாம், இதுதான் நல்லாருக்கு என்றுவிட்டார்.

இப்போது அதே விளையாட்டைப் போட்டால் மரங்கொத்தி வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும், முதலில் டிவிக் கம்பெனியின் எக்காளம் முழங்கும், என்னவோ ராஜா வருகிறார் என்பதுபோல, அப்புறம் பொம்மைக் கம்பெனியின் பம்பரம் விர்ரென்று சுற்றும், கடைசியில் எங்கள் பறவை, உப்புக்குச் சப்பாணியாக. வாங்கியவர்கள் முன்னால், விற்றவர்கள் பின்னால், இதுதான் இந்தத் தொழிலின் வரலாறு, புத்தகம் போட வேண்டியதே இல்லை, விளையாட்டைப் போட்டாலே போதும். பொம்மைக்காரர்கள் எங்களை வாங்க வந்தபோது அவருக்கு விற்க மனமே இல்லை, பெரிய கம்பெனிகள் பெரிய விளையாட்டுகளைக் கொட்ட ஆரம்பித்துவிட்டன, எங்கள் பெட்டிகளைக் கடைக்காரர்கள் அடித்தட்டுக்குத் தள்ளிவிட்டார்கள், அப்படியும் மனமில்லை, பறவை போயிடும், இது ஒண்ணுதான் அவர் பிடித்துக்கொண்டு நின்றது. எங்கேயும் போகாது சார், எப்பவும் இருக்கும் என்று பொம்மைக் கம்பெனி ஆள் சத்தியம் பண்ணாத குறை. அவர் என்னைத்தான் பார்த்தார். "அவங்க கையை விட்டுப் போச்சுன்னா?" "போகாதுங்க. நான் அங்கயேதான வேலைக்குப் போறேன்? நான் பாத்துக்கறேன்." கையெழுத்துப் போட்டார். பொம்மைக்காரர்களை டிவிக்காரர்கள் விழுங்கியபோது நான் ஏன் வாயைத் திறக்கவில்லை? ஏனென்றால் அப்போதுதான் அவர் கண் போய்க்கொண்டிருந்தது, சர்க்கரை வலது கண்ணை எடுத்துக்கொண்டு இடது கண்ணுக்கு வந்திருந்தது, அந்த மனுஷனிடம் போய் இதையும் சொல்லவா? அடுத்த அப்டேட்டில் எக்காளம் சேர்ந்துவிடும், எல்லார் வீட்டுக் கேம் பெட்டிக்கும் தானாகப் போய்விடும், அவர் காதில் விழுமே... அதனால் அப்டேட் வந்த அன்றே நானே முந்திக்கொண்டேன், பொம்மைக்காரங்க புதுசா ட்யூன் ஒண்ணு சேர்த்திருக்காங்க, எக்காளம் மாதிரி, கேட்டீங்களா என்றேன். "ம்... கேட்டேன். நல்லாத்தான் இருக்கு" என்றார். அப்பாடா என்றிருந்தது.

ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் அதற்குத் தினமும் தீனி போட வேண்டும். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்பார், பொம்மைக்காரங்க எப்படி இருக்காங்க, நானும் இல்லாத ஆட்களின் சளி காய்ச்சல் வரைக்கும் சொல்வேன், ஆபீஸ் நடையில் நின்று போனில் கூவும் பொம்மைக் கம்பெனியின் பழைய சேல்ஸ் மேனேஜர் வேலையைவிட்டுப் போனது எப்போதோ, என் வாயில் இன்னும் கூவிக்கொண்டிருக்கிறார். இப்போது டிவிக்காரர்களையும் யாரோ முதலீட்டுக்காரர்கள் வாங்கியாயிற்று, இவர்கள் ஜென்மத்தில் ஒரு விளையாட்டைத் தொட்டிருப்பார்களா? "எல்லாரும் ஸ்கிப் பண்றாங்க, மேடம்" என்றாள் மேனேஜர், எழுந்துபோய் அவள் நாற்காலி பக்கத்தில் நின்று கேட்டபோது, "மூணு லோகோ வர்ற வரைக்கும் யாருக்குப் பொறுமை இருக்கு? டேட்டா பாருங்க." பார்த்தேன். உண்மைதான், உலகமே பொத்தானை அழுத்தி எங்களைத் தாண்டிப் போயிருக்கிறது, ஒரு மனுஷனைத் தவிர. அவர் விளையாடுவதில்லை, எப்படி விளையாடுவார், சோபாவில் உட்கார்ந்து ஹெட்போன் மாட்டிக்கொண்டு, தடவித் தடவிக் கேம் பெட்டியைப் போடுவார், மரங்கொத்தி முடிந்ததும் அணைத்துவிடுவார், அவ்வளவுதான், அதற்கப்புறம் முகத்தில் ஒரு தெளிவு. இதை அவளிடம் சொல்லலாமா? சொன்னால் ஐயோ பாவம் என்பாள். அதை வாங்கிக்கொண்டு வருவதற்கு நான் எழுந்து போகவில்லை. நான் மாட்டேன்னா, என்றேன். சிரித்தாள், கெட்ட சிரிப்பு இல்லை, "நீங்க இல்லாட்டி பின் சீட்டுத் தம்பி பண்ணிடுவார் மேடம், பத்து நிமிஷ வேலை." கம்பெனி வரலாறு என்று இணையத்தில் போட ஒரு பக்கமும் தயாராகிவிட்டதாம், பெருமையாகத் திருப்பிக் காட்டினாள், டிவிக்காரர்களில் ஆரம்பிக்கிறது, நடுவில் 'வேறு சில சிறு நிறுவனங்களும் இந்தக் குடும்பத்தில் இணைந்தன' என்று பூசி மெழுகியிருந்தது. வேறு சில. என் பெயரும் அவர் பெயரும் அந்தச் சாப்பாட்டு மேஜையும் அந்த இரண்டு சொல்லுக்குள் ஒண்டிக்கொண்டிருந்தன, நல்லாருக்கு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நானே செய்தேன். யார் யார் கையோ பட்டுப் போவதற்கு என் கையாலேயே போகட்டும். ஒவ்வொரு விளையாட்டாகத் திறந்து, பறவையைத் தேர்ந்து, நீக்கவா என்று அது கேட்க, ஆம் என்று நான் சொல்ல, நீக்கவா, ஆம், நீக்கவா, ஆம், கடைசி விளையாட்டில் மட்டும் ஒருமுறை ஓடவிட்டேன், டொக் டொக்... அந்த இடைவெளியில் என் தும்மல் இருக்கிறது, யாருக்கும் கேட்காது, இருக்கிறது... டொக். அழுகை வரும் என்று நினைத்தேன், கோபம்தான் வந்தது, பொம்மைக்காரன் மேல், டிவிக்காரன் மேல், மூக்கை விடைத்துக்கொண்டு பாத்துக்கறேன் பாத்துக்கறேன் என்று சொன்ன என் மேல். இன்று ராத்திரி அப்டேட் போய்விடும். அதற்குள் வீட்டுப் பெட்டியில் தானாகப் புதுப்பித்தலை நிறுத்திவிட்டால்? பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கும்போதுதான் தோன்றியது, அட, அவ்வளவுதானே, உலகத்தில் எங்கே செத்தாலும் எங்கள் கூடத்தில் ஒரு மரங்கொத்தி கொத்திக்கொண்டிருக்கும், நான் சாகிறவரை பொம்மைக்காரர்களுக்குச் சளி பிடித்துக்கொண்டிருக்கும், போகட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன், திரும்பி நடந்தேன்.

வீட்டில் அவர் குளிக்கும் சத்தம். நல்லதாய்ப் போயிற்று. செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்து, அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பெட்டியைப் போட்டேன், அமைப்புகள், புதுப்பித்தல், திருட்டு வேலை செய்கிற மாதிரி குளியலறைக் கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டேன், தானாகப் புதுப்பித்தல்... நிறுத்தப்பட்டுள்ளது. நான் இன்னும் தொடவே இல்லையே. தப்பான இடத்துக்கு வந்துவிட்டேனோ என்று வெளியே போய் மறுபடி உள்ளே வந்தேன். நிறுத்தப்பட்டுள்ளது. இந்தப் பெட்டியை வேறு யார் தொடுகிறார்கள்? இந்த எழுத்தைப் படித்து நிறுத்த வேண்டுமானால் கண் வேண்டும், அப்படியானால் இடது கண்ணில் கொஞ்சம் பார்வை மிச்சமிருந்த காலத்தில்... இரு, இரு, அவசரப்படாதே. விளையாட்டைப் போட்டேன். எக்காளம் வரும் என்று காதைத் தயாராக வைத்திருந்தேன். வரவில்லை. பம்பரம் விர்ரென்று சுற்றியது. டொக் டொக்... டொக்.

இந்த வீட்டில் எக்காளம் முழங்கவே இல்லை. ஒரு நாள்கூட முழங்கவில்லை. அப்புறம் எதைக் கேட்டு நல்லாத்தான் இருக்கு என்றார்? என் குரலில் எதைக் கேட்டார்? டிவிக்காரர்கள் வாங்கப்போவது அவருக்கு எப்படித் தெரியும், பேப்பரில் படித்தாரா, எழுத்துக் கண்ணுக்குத் தெரிந்த கடைசி நாட்களில் அதையா படித்தார், இல்லை, ஒன்றுமே தெரியாமல் யாரையும் நம்பாமல் நிறுத்தி வைத்தாரா, அந்த யாரையும் என்பதில் நானும் உண்டா... தினம் தினம் அந்தச் சேல்ஸ் மேனேஜரைப் பற்றிக் கேட்டுத் தலையை ஆட்டினாரே, இன்னும் கத்துறாரா என்று சிரித்தாரே, அந்தச் சிரிப்பு யாருக்காக? நான் பாத்துக்கறேன் என்று சொன்னது நான். பார்த்துக்கொண்டிருந்தது...

குளியலறைக் கதவு திறந்தது, ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினேன். அவர் சுவரைத் தடவிக்கொண்டு வந்தார், தலையிலிருந்து நீர் சொட்டியது, வழக்கமான மூலையில் உட்கார்ந்து சோபாக் கையில் ஹெட்போனைத் தேடினார், அங்கே இல்லை, விரல்கள் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தன. ஹெட்போன் எங்கே என்று அவர் கேட்கவில்லை.

"பொம்மைக்காரங்க எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க."

"ட்யூன் ஏதாச்சும் மாத்தினாங்களா?"

சொல்லிவிடலாம். இப்போது சொன்னால் அவரும் சொல்லிவிடுவார், அதற்கப்புறம் சாயங்காலங்களில் நாங்கள் எதைப் பேசுவோம்?

"இல்லீங்க. அதே எக்காளம்தான்."

"ம். நல்ல ட்யூன் அது" என்றார், சொல்லிவிட்டு, நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று தேடாமலே, நேராக என் பக்கம் கையை நீட்டினார், நான் ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்தேன்.