வேலை தேடிப் போன நிறம்

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு, மீன் ஆய்வுக்கூட இயக்குநரின் நிறம் அவர் உடம்பை விட்டு இறங்கிப் போனது.

அவருக்கு வாய்த்த ஒரே பெருமை அந்தச் சிவப்புத் தோல்தான். வேலைக்கு ஆள் எடுக்கும்போது கறுத்தவர்களைப் பின்கட்டு அறைக்கு அனுப்பிவிடுவார். ஆராய்ச்சியெல்லாம் பின்கட்டில்தான் நடந்தது. மகன் அங்கிருந்தே ஒருத்தியைக் கட்டிக்கொண்டபோது மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மீன் கருவில் நிறமிச் செல்கள் முதுகுத்தண்டருகே தோன்றித் தோலுக்கு நடந்து போகும் பாதையை ஆராய்கிறவள் அவள். ஆறு வாரமாக முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும், அவர் முதன்முறையாகப் பின்கட்டுக்கு வந்து, எந்த மரபணுவைத் தட்டிவிட்டால் குழந்தை தன்னைப் போலப் பிறக்கும் என்று விசாரித்தார்.

மருமகள் நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்கினாள். "எல்லாருக்கும் நிறமிச் செல் கிட்டத்தட்ட ஒரே எண்ணிக்கைதான் மாமா. எங்களோடது வேலை செய்யுது. உங்களோடது சும்மா உக்காந்திருக்கு."

அவர் வாய் திறப்பதற்குள் அவருடைய செல்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. மீசை, புருவம், தலை எல்லா இடத்திலிருந்தும் கிளம்பி, கால்சட்டை வழியே தரைக்கு இறங்கி, எறும்பு வரிசையாக ஊர்ந்தன. பெருக்கிக்கொண்டிருந்த துப்புரவுக்கார அம்மா துடைப்பத்தை ஒதுக்கி வழிவிட்டார். விழித்திரைக்குப் பின்னால் இருந்தவை மட்டும் முதுகுத்தண்டருகே பிறக்காத வேறு வம்சம் என்பதால் தங்கிவிட்டன. ஆகவே, தன் நிறம் மருமகளின் பாதத்தில் ஏறி மறைவதை அவரால் தெளிவாகப் பார்க்க முடிந்தது. அவளுக்குக் கூச்சம் தாங்கவில்லை.

கணவன் இன்னும் வெளுத்துவிட்டதில் இயக்குநரின் மனைவி இரண்டு நாள் பூரித்தாள். மூன்றாம் நாள், சுவரோரம் நின்றவரைச் சுவரென்று நினைத்து நாட்காட்டி மாட்டப் பார்த்தாள். அடையாள அட்டைக்கு எடுத்த படத்தில் கழுத்துப்பட்டை மட்டுமே விழுந்தது. அலுவலகம் அதையே ஏற்றுக்கொண்டது. வெயில் ஆகாது என்று மருத்துவர் சொன்னதால், அவர் மேசையும் பின்கட்டுக்கு மாறியது. அங்கே யாரும் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அதுதான் அவரை அதிகம் சுட்டது.

பேத்தி பிறந்தாள். இரண்டு ஆள் நிறம் ஒரே உடம்பில், அப்படியொரு பளபளப்பு. இடது காதுக்குப் பின்னால், அவர் தொலைத்த மச்சம் இருந்தது. தொட்டில் பக்கத்தில் வெகுநேரம் நின்றவர், பிறகு தூக்கிக்கொள்ளட்டுமா என்று மருமகளிடம் அனுமதி கேட்டார்.

இப்போது தினமும் சாயங்காலம் குடை பிடித்தபடி பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் நடக்கிறார். பிள்ளை அப்படியே அம்மா நிறம் என்றாள் தையற்கடைக்காரி.

"பாதிதான்மா. மீதி என்னோடது."

தையற்கடைக்காரி குழந்தையையும் அவரையும் ஒருமுறை பார்த்து, ஆமாம், தெரியுது என்றாள்.