நாங்களே செய்த விமானம்

அமெரிக்காவின் எவரெட் நகரத்தில் பாதி ஊர் விமான ஆலைச் சோறுதான் சாப்பிடுகிறது. அந்த ஆலை செய்த விமானத்தில் ஏறப் பயமாக இருக்கிறது என்று அங்கே யாரும் வாய்விட்டுச் சொல்ல முடியாது. வெர்னன் ஹால்வர்சன் தன் மனைவியிடம் மட்டும் சொன்னார். மினியாப்பொலிசில் மகள் காரினுக்கு மறுநாள் காலை இதய அறுவை சிகிச்சை. போயே ஆக வேண்டும். போட்டிக் கம்பெனி செய்த விமானமாகத் தேடிப் பிடித்து டிக்கெட் எடுத்தார். ஆலை ஜாக்கெட்டையும் வீட்டிலேயே கழற்றிப் போட்டுவிட்டு வந்தார்.

விமான நிலையத்தில் எதிர் இருக்கைக்காரன் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டிருந்தான். பார்த்தால் டாரல். ஆலையில் இவர் கூடவே வேலை செய்கிறவன்.

“நீ எங்கடா இங்க?”

“அக்கா வீட்டுக்குப் போறேன். நம்ம விமானம் ஒண்ணு காலையிலேயே போச்சே, நீ ஏன் அதுல போகல?”

“நீ ஏன் போகல?”

டாரல் விழுந்து விழுந்து சிரித்தான். “காபி வரிசையைப் பாரு. நம்ம சூப்பர்வைசரம்மாவும் முகத்த மூடிக்கிட்டு நிக்குது!”

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அறிவிப்பு வந்தது. பழுது காரணமாக வேறு விமானம் வருகிறதாம். கண்ணாடிக்கு வெளியே அது வந்து நின்றது. மூக்கைப் பார்த்ததுமே வெர்னனுக்குத் தெரிந்துவிட்டது. இவர்கள் ஆலையில் செய்ததேதான்.

போன வருடம் மேலிடம் அவசரப்படுத்திய அவசரத்தில், “மீதிய அடுத்த கட்டத்துல பாத்துக்கலாம்” என்று அரைகுறையாக நகர்த்திவிட்ட விமானங்கள் எத்தனையோ. அடுத்த கட்டத்தில் பார்த்தார்களா? அந்தக் கேள்விதான் அவரைத் தூங்கவிடாமல் செய்துகொண்டிருந்தது.

சூப்பர்வைசரம்மா பெட்டியை இழுத்துக்கொண்டு நைசாக நழுவினாள். டாரலும் எழுந்தான். “நான் நாளைக்குப் போய்க்கிறேன்பா. அக்கா எங்க ஓடிடப் போறா?”

காரினின் அறுவை சிகிச்சை நாளைக் காலையிலேயே; இவர் இன்றே போயாக வேண்டும். வெர்னன் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

“சார்...” பக்கத்திலிருந்த இளம்பெண் அவர்கள் பேசியதையெல்லாம் கேட்டிருக்கிறாள். “நீங்க அந்த ஆலையில வேலை பாக்குறவங்களா? உங்க சிநேகிதர் ஏன் போறாரு? எனக்குப் பயமா இருக்கு. இது நல்ல விமானந்தானே?”

இத்தனை வருட வேலைப் பெருமை அவரை முந்திக்கொண்டு பேசிவிட்டது. “நல்ல விமானம்மா. பயப்படாம ஏறு.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறினாள். சொன்ன வாய்க்காக அவரும் பின்னாலேயே ஏறினார்.

உள்ளே பார்த்தால் அவள் இவருக்குப் பக்கத்து இருக்கை, ஜன்னலோரம். அவள் தோள் சாய்ந்திருந்த சுவர், ஆலையில் வெர்னனும் டாரலும் போல்ட் முறுக்குகிற அதே இடம். அவர் அந்தச் சுவரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நான் ஜன்னல் பக்கம் உக்காந்துக்கட்டுமாம்மா?”

“வெளிய பாக்கணுமா சார்?” என்று சிரித்தபடி பாதி எழுந்தவள், அவர் கண் போன இடத்தைப் பார்த்துவிட்டாள். சிரிப்பு நின்றது. “நல்ல விமானம்னு சொன்னீங்களே!”

“சொன்னேன்மா. சொன்னவன்தான் அங்க உக்காரணும்.”

அவள் இடம் மாறினாள். விமானம் ஓடி மேலெழும்போது சுவர் கடகடவென்று அதிர்ந்தது. வெர்னன் அதன்மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்தார். மினியாப்பொலிசில் இறங்கும்வரை எடுக்கவே இல்லை.