சொகுசு இருக்கை

ஒரே ஒரு சொகுசு இருக்கை மிச்சம், இலவசமாகத் தருகிறோம், உங்களில் யாருக்கு என்று விமான நிலையத்தில் கேட்டதுதான் தாமதம், பல் டாக்டர் கையைத் தூக்கிவிட்டார். "எனக்கு முதுகுவலி தெரியும்ல? பசங்களை நீ சமாளிச்சுக்குவ," என்று மனைவியிடம் சொன்னவர், திரும்பியே பார்க்கவில்லை.

பதினான்கு மணி நேரம். சின்னவன் அவள் மடியிலேயே இரண்டு தடவை வாந்தி எடுத்தான். பெரியவள் காது வலிக்கிறது என்று அழுது ஊரைக் கூட்டினாள். தாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கழிப்பறைக்குப் போனால் பிள்ளைகளை யார் பார்ப்பது? நடுவில் ஒரு முறை திரையை விலக்கிக்கொண்டு மகராசன் வந்தார். பிள்ளைகளைப் பார்க்க இல்லை, போன் சார்ஜர் கேட்க.

இறங்கியதும் கசங்காத சட்டையோடு வந்து சேர்ந்துகொண்டார். "செம தூக்கம்! பசங்க படுத்தலையே?"

அவள் வாந்தி காய்ந்த புடவையோடு, இரண்டு கையிலும் பிள்ளைகளைப் பிடித்தபடி வரிசையில் நகர்ந்தாள்.

பாஸ்போர்ட் பார்க்கும் அதிகாரி கேட்டார்: "ஒரே குடும்பமா? எத்தனை பேர்?"

டாக்டர் சிரித்தபடி முன்னால் வருவதற்குள் அவள் சொல்லிவிட்டாள்:

"நாங்க மூணு பேர். இவர் தனியா வந்தவர்."