நிருபன் எடுத்த பக்கம்

"முதல் பாதி காத்துக்கு எதிர். அதில கதைக்க ஒண்டுமில்ல," என்றார் தம்பிராசா.

லிங்கநகர்க் கழகத்தின் செயலாளர் அவர். பாக்கியரத்தினம் கொடுத்த தேத்தண்ணியோடு முன்னறைக் கதிரையில் இருந்தார். மகளிர் உதைபந்தாட்ட இறுதி ஆட்டத்துக்கு இன்னும் இரண்டு மணித்தியாலம்தான் இருந்தது. பாக்கியரத்தினத்தின் மகள் கீர்த்தனி நிலத்தில் குந்தியிருந்து காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"டொஸ் வெண்டா நான் காத்தோடதான் போகப்போறன், மாமா."

"என்ன சொன்னனீ?"

"முதல் பாதி கச்சானோட."

தம்பிராசா சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். கீர்த்தனியின் அண்ணன் நிருபன். கழகத்தின் கப்டனாக நான்கு வருடம் இருந்தவன். மூன்று தடவை மாவட்டக் கிண்ணத்தைக் கொண்டுவந்தவன். இருபத்தாறு வயதில், வயலில் இறங்கிய பிறகு வந்த எலிக்காய்ச்சலில் ஒன்பதாம் நாள் போய்விட்டான். அதற்கும் மூன்று வருடமாகிறது. துறைமுகப் பக்கமிருந்து அடிக்கும் கச்சான் காற்றுக்கு எதிராக முதல் பாதியை விளையாடி, எதிர் அணியை ஓட விட்டுக் களைக்கப் பண்ணி, இரண்டாம் பாதியில் முடிப்பது அவன் முறை. அது ஊருக்கே தெரியும். அவனுக்குப் பிறகு ஆண்கள் அணியும் அந்த முறையை விடவில்லை. ஆனால் ஒரு கிண்ணமும் வரவில்லை. அவன் தொடக்கிவைத்த பெண்கள் அணிதான் இப்போது இறுதிக்கு வந்திருக்கிறது.

"உன்ர அண்ணன் ஒரு நாளாவது முதல் பாதி காத்தோட விளையாடினவனோ?"

"இல்லை."

"பிறகென்ன?"

"அண்ணா விளையாடினது ஆனி, ஆடியில. இது புரட்டாதி. ஒரு கிழமையாப் பின்னேரத்தில மைதானத்தில போய் நிண்டு பாத்தனான். அஞ்சு மணியளவில கச்சான் செத்துப்போகுது. பிறகு கடல் பக்கத்தால காத்து வருது. முதல் பாதி துறைமுகப் பக்கம் நிண்டமெண்டா கச்சான் எங்கட முதுகில. அங்கால மாறேக்க காத்தும் மாறும். ரெண்டு பாதியும் காத்து எங்களுக்குத்தான்."

"காத்து என்ன, உன்ர வீட்டு வேலைக்காரனோ, நேரத்துக்கு வர?"

"வந்தது, மாமா. ஏழு நாளும் பாத்தனான்."

"நான் சொல்லுறதக் கேள், பிள்ளை. கையில கட்டுற இந்தக் கப்டன் பட்டி உனக்கு ஏன் தந்தது எண்டு தெரியும்தானே."

கீர்த்தனியின் கை நின்றது. "தெரியும். அண்ணான்ர தங்கச்சி எண்டு."

"நான் அப்பிடிச் சொல்லேல்ல."

"சொல்லத்தான் வந்தனீங்கள்."

"சரி, சொல்லுறன். நிர்வாகம் கதைச்சுப்போட்டுது. அவன்ர முறையை விட்டுப்போட்டுத் தோத்தியெண்டா, நாளைக்குப் பட்டி லக்சனாட்டப் போகும்."

குசினிக்குள் இருந்து பாக்கியரத்தினத்தின் குரல் வந்தது. "வெண்டா, அண்ணை?"

"என்ன வெண்டா?"

"வெண்டா நிர்வாகம் என்ன கதைக்கும்?"

தம்பிராசா தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். "சீனி கூடிப்போச்சு," என்று எழும்பினார்.

அவர் படலையைத் தாண்டும்வரை பார்த்திருந்துவிட்டுப் பாக்கியரத்தினம் மகளிடம் வந்தாள்.

"உனக்கு நிச்சயமோ?"

"ஏழு நாளும் வந்ததுதான். ரெண்டு நாள் பிந்தி வந்தது."

"எவ்வளவு பிந்தி?"

"இருபது நிமிசம்."

"அதுக்குள்ள ரெண்டு கோல் வாங்கலாம்."

"ஓம்."

தாய் சீப்பை எடுத்து நீட்டினாள். பிறகு, "தலையை இறுக்கிக் கட்டு. போன முறை அவிண்டு முகத்தில விழுந்தது," என்றாள்.

மைதானத்தின் ஒரு கோல் துறைமுகப் பக்கம், மற்றது கடல் பக்கம். நாலேகாலுக்குக் கச்சான் மணலை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. றெபரியாக வந்தவர் கிண்ணியா ஸஹாப்தீன். நிருபனின் காலத்தில் கிண்ணியா அணியின் கப்டன் அவர்தான். இப்போது வயிறு கொஞ்சம் முன்னுக்கு வந்திருந்தது.

திரியாய் அணியின் கப்டன் "தலை" என்றாள். ஸஹாப்தீன் சுண்டிய நாணயத்தில் பூ விழுந்தது.

"சொல்லுங்க, தங்கச்சி."

கயிற்றுக்கு வெளியே நின்ற லிங்கநகர் ஆட்கள், "காத்துக்கு எதிர், காத்துக்கு எதிர்," என்று கத்தினார்கள்.

"நாங்கள் துறைமுகப் பக்கம் நிக்கிறம், சேர். கடல் பக்கக் கோலுக்கு அடிக்கிறம்."

"காத்தோடயா?"

"ஓம்."

ஸஹாப்தீன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். "றெபரி கதைக்கப்படா," என்று தனக்கே சொல்லிக்கொண்டு விசிலை வாயில் வைத்தார்.

முதல் பாதியில் காற்று உதவியதைவிடத் தொல்லை கொடுத்ததுதான் அதிகம். அடித்த பந்தெல்லாம் கோலுக்கு மேலால் கடற்கரைக்குப் போனது. இருபதாவது நிமிடத்தில்தான் கீர்த்தனி தூரத்திலிருந்து அடித்த ஒரு பந்து காற்றில் வளைந்து உள்ளே இறங்கியது. ஒன்று – பூச்சியம்.

"ஒண்டு காணாது," என்றார் தம்பிராசா, பக்கத்துக் கதிரையில் இருந்த பாக்கியரத்தினத்திடம். "காத்தோட விளையாடி ஒண்டெண்டா, காத்துக்கு எதிரா எத்தினை வாங்கப்போகுதுகளோ."

இடைவேளையிலும் கச்சான் குறையவில்லை. கொடிகள் எல்லாம் கடலைப் பார்த்தே நின்றன.

"கீர்த்தனி," என்றாள் கோல் காக்கும் றுமானா, "உன்ட கடல் காத்து எந்த பஸ்ஸில வருது?"

"வரும்."

"வரும் மட்டும் நான் என்ன செய்ய?"

"பந்தை உயர்த்தாத. நிலத்தால உருட்டு. லக்சனா, நீயும் பின்னுக்கு வா. ஒருத்தரும் முன்னுக்குப் போகாதேங்கோ, நான் சொல்லும் வரைக்கும்."

தம்பிராசா வட்டத்துக்குள் தலையை நீட்டினார். "நான் அப்பவே சொன்னனான்."

"மாமா, அங்கால நில்லுங்கோ. இஞ்ச கப்டன் கதைக்கிறாள்."

பிள்ளைகள் நிலத்தைப் பார்த்தார்கள். றுமானாவுக்குச் சிரிப்பை அடக்க ஏலாமல் போனது. தம்பிராசா அங்கால போய் நின்றார்.

இரண்டாம் பாதி தொடங்கி ஆறாவது நிமிடத்தில் திரியாய் அடித்த பந்து காற்றில் ஏறி, றுமானாவின் கைக்கு மேலால் விழுந்தது. ஒன்றுக்கு ஒன்று.

"பட்டியைக் கழட்டிக் குடு," என்றது கயிற்றோரத்தில் ஒரு குரல்.

"நிருபன் இருந்திருந்தா இப்பிடி நடக்குமோ?" என்றது இன்னொன்று.

கீர்த்தனி அந்தப் பக்கம் திரும்பவில்லை. "லக்சனா, இடம் விடாத. றுமானா, மெதுவா. நேரம் எங்கட," என்று கத்திக்கொண்டே ஓடினாள். பதினொரு பேரும் தங்கள் கோலுக்கு முன்னால் அடைத்துக்கொண்டு நின்றார்கள். திரியாய்ப் பிள்ளைகள் திரும்பத் திரும்ப வந்து மோதினார்கள். ஒரு பந்து கம்பத்தில் பட்டது. ஒன்றைக் கோட்டில் வைத்து லக்சனா நெஞ்சால் தடுத்தாள்.

பாக்கியரத்தினத்தின் சேலைத் தலைப்பு அதுவரை கடல் பக்கமாகப் பறந்துகொண்டிருந்தது. அது மடியில் விழுந்தது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு கொடிகளைப் பார்த்தாள். எல்லாம் கம்பத்தோடு ஒட்டித் தொங்கின.

"அண்ணை."

"கதையாதேங்கோ, நெஞ்சிடிக்குது."

"கொடியைப் பாருங்கோ."

ஒரு கொடி அசைந்தது, துறைமுகத்தைப் பார்த்து. பிறகு மற்றவையும் அசைந்தன. கழுத்தில் குளிர்ச்சியாகக் கடல்காற்று பட்டது. மைதானத்துக்குள் இருந்து கீர்த்தனியின் குரல் கேட்டது.

"றுமானா, இப்ப உயர்த்து. எல்லாரும் போங்கோ."

றுமானா இரண்டடி பின்னால் போய் அடித்தாள். பந்து நடுக்கோட்டைத் தாண்டியும் இறங்கவில்லை. முன்னுக்கு வந்து நின்ற திரியாய்த் தடுப்பாளர்களின் தலைக்கு மேலால் போனது. பின்னாலிருந்து ஓடத் தொடங்கிய லக்சனா அதைத் துரத்திப் பிடித்துத் தட்டினாள். இரண்டு.

கடைசி நிமிடங்களில் கிடைத்த பிறீ கிக்கைக் கீர்த்தனி அடித்தாள். ஒன்றும் விசேசமாகச் செய்யவில்லை. உயர அடித்துவிட்டு மிச்சத்தைக் காற்றிடம் விட்டாள். மூன்று.

விசில் ஊதியதும் சனம் கயிற்றை அறுத்துக்கொண்டு உள்ளே ஓடியது. ஸஹாப்தீன் அந்தக் கூட்டத்துக்கு எதிராக நடந்து, பாக்கியரத்தினத்தின் கதிரையடிக்கு வந்தார். கீர்த்தனியும் தாயிடம் வந்து நின்றாள்.

"அம்மா, இப்ப நான் கதைக்கலாம். நிருபனுக்குக் காத்துக்கு எதிர்ப் பக்கம்தான் விருப்பமெண்டு ஊரில சொல்றாங்களே."

"ஓம், தம்பி. அது அவன்ர முறை."

"அவன் ஒரு நாளும் அந்தப் பக்கத்தை எடுக்கல்ல. டொஸ் தோத்தான். என்னோட விளையாடின ஒன்பது மட்ச்சிலயும் டொஸ் தோத்தான். தலை எண்டு சொன்னா பூ விழும், பூ எண்டா தலை. நாங்க காத்தை எடுத்துக்குவம். மிச்சப் பக்கம்தான் அவனுக்கு."

தம்பிராசா கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "எங்களுக்கு அவன் சொல்லேல்லயே."

"ஏன் சொல்லல்ல எண்டு நானும் கேட்டன். 'என்ர ஆக்களுக்குச் சொல்லிப்போடாத, ஸஹாப்தீன். நான் வேணுமெண்டுதான் எதிர்க்காத்தை எடுக்கிறன் எண்டு நினைக்கிறாங்கள். அந்த நினைப்பிலதான் ரெண்டு மடங்கு ஓடுறாங்கள்' எண்டான். ஒன்பது டொஸ் நான் வெண்டன். ஏழு மட்ச் அவன் வெண்டான். இண்டைக்குத் தங்கச்சி டொஸ்ஸையும் வெண்டு மட்ச்சையும் வெண்டுட்டா. அதத்தான் சொல்ல வந்தன்."

பாக்கியரத்தினம் சிரிக்கத் தொடங்கினாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். "தாயம் விளையாடேக்கயும் அவனுக்குத் தாயம் விழாது. ஆனா கடைசியில காய் அவன்ரதுதான் முதல் பழுக்கும்."

"அப்ப நாங்கள் மூண்டு வருசமா..." என்று தம்பிராசா இழுத்தார்.

"மூண்டு வருசமா வேணுமெண்டு எதிர்க்காத்தில விளையாடினனீங்கள், மாமா," என்றாள் கீர்த்தனி.

அவர் கதிரையின் முதுகை விட்டார். "சரி. இனிமேல் முதல் பாதி காத்தோட எண்டு நிர்வாகத்தில முடிவெடுப்பம்."

"வேண்டாம். அடுத்த மட்ச் ஐப்பசியில. அப்ப நான் பாத்துச் சொல்லுறன்."

"நீ பாத்து..." அவர் நிறுத்தினார். "ஓம். நீ பாத்துச் சொல்லு."

ஒலிபெருக்கி கரகரத்தது. "வெற்றிக் கிண்ணத்தைப் பெற்றுக்கொள்ள, அமரர் நிருபனின் தங்கை..."

"கப்டன் கீர்த்தனி எண்டு வாசியடா," என்று மைதானம் முழுக்கக் கேட்கத் தம்பிராசா கத்தினார்.

ஒலிபெருக்கி திகைத்துப்போய்த் திரும்பவும் வாசித்தது. கீர்த்தனி மேடையை நோக்கி ஓடினாள். லக்சனாவும் றுமானாவும் மற்ற எட்டுப் பேரும் அவளுக்குப் பின்னால் ஓடினார்கள்.