லோதார் முதலில் வெட்டியது எந்தச் செடியை?

1

இந்தக் கதை எனக்கு வேலிக்கு மேலாகக் கிடைத்தது. காசு கொடுத்து வாங்காத சரக்கு. குறை இருந்தால் திருப்பிக் கொடுக்க வழியில்லை. லைப்சிக்கில் ரயில் பாதையை ஒட்டி எங்கள் தோட்டச் சங்கம். எனக்கு அடுத்த தோட்டம் ரோஸ்விதாவுடையது, அதற்கு அடுத்தது லோதாருடையது. நடுவில் இருப்பவள் கத்தினால் இரண்டு பக்கமும் கேட்கும். அப்படித்தான் கேட்டது.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"ஜூன் வெயிலில் கண்ணாடி மணிகளாய் மின்னும் வெள்ளை யோவான் பழங்கள்*..."

(நிறுத்திவிட்டேன். கதையே பழம் இல்லாத செடியைப் பற்றியது. கடையில் இல்லாத சரக்குக்கு வாசலில் பலகை எதற்கு?)

* ஆங்கிலம் படித்தவர்கள் கரண்ட் என்பார்கள். அப்படி எழுதினால் உங்களுக்கு மின்வாரியம்தான் ஞாபகம் வரும். யோவான் திருநாளை ஒட்டிப் பழுப்பதால் இந்த ஊரார் வைத்த பெயரையே வைத்துக்கொள்கிறேன். சிவப்பு, கறுப்பு, வெள்ளை என்று மூன்று வகை. வெள்ளை என்பதும் பேச்சுக்குத்தான். உள்ளே விதை தெரிகிற அளவுக்குப் பளிங்கு.

2

"லோதார்! இங்க வா. இது என்ன செடி?"

"யோவான் பழச் செடி."

"பழம் எங்க?"

லோதார் குனிந்து கிளைகளை விலக்கினார். எழுபத்திநாலு வயது முதுகு, மெதுவாகத்தான் குனியும். "அடியில ரெண்டு கொத்து இருக்கு."

"ரெண்டு கொத்த வெச்சுக்கிட்டு எறும்புக்கு விருந்து வெக்கவா? வருஷா வருஷம் பதினாலு பாட்டில் ஜெல்லி காய்ச்சுவேன்!"

நடந்தது இதுதான். ரோஸ்விதாவிடம் ஒரு கறுப்பு, ஒரு வெள்ளை என்று இரண்டு செடிகள் இருந்தன. அக்டோபரில் ஒன்றைத் தோண்டித் தங்கைக்குக் கொடுத்தாள். மற்றதைக் கொட்டகை ஓரத்துக்கு மாற்றி நட்டாள். ஜனவரியில் இடுப்பு அறுவை. ஆஸ்பத்திரியிலிருந்து லோதாரைக் கூப்பிட்டு, "என் செடியையும் வெட்டிவிட்டுடு" என்றாள். எந்தச் செடி தங்கச்சி வீட்டுக்குப் போனது என்று அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. நாற்பது வருஷத் தோட்டக்காரன் கேட்க மாட்டான். மொட்டைக் கசக்கி மோந்து பார்ப்பான். குளிர்காலத்தில் இலை இருக்காது, குச்சியைப் பார்த்து நிறம் சொல்ல முடியாது. ஆனால் கறுப்பின் மொட்டைக் கசக்கினால் வாசம் மூக்கில் ஏறும். வெள்ளைக்கு வாசமே கிடையாது.

தப்பாக வெட்டினால் என்ன? கறுப்பு, புதுக் குச்சியில் காய்க்கும். அதனால் பழைய கிளையைத் தரையோடு எடுப்பார்கள். வெள்ளை, பழைய கிளையில்தான் காய்க்கும். அதைக் கறுப்பு என்று நினைத்து வெட்டினால் முதலை வெட்டிப் போட்டுவிட்டு வட்டிக்குக் காத்திருந்த மாதிரி.

"மோந்து பாத்துத்தான வெட்டுன?"

"பாத்தேன். கறுப்பு வாசம் அடிச்சுது."

"இது வெள்ளை, லோதார். வெள்ளைக்கு ஏது வாசம்?"

"தெரியும்." கிளைகளை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "அப்ப, இல்லாத வாசம் எனக்கு அடிச்சிருக்கு" என்றார்.

ரோஸ்விதாவின் கண்கள் கலங்—

(அடித்துவிட்டேன். அவள் கலங்குகிற ரகம் இல்லை. உண்மையில் அவள் செய்தது இன்னும் மோசம். பதினோரு வருஷமாக அவரை நீ என்று கூப்பிட்டவள், கத்தரியை அவர் கையில் திணித்துவிட்டு, "ரொம்ப நன்றிங்க, ஹெர் நௌமான். இனிமே நீங்க சிரமப்பட வேணாம்" என்று குடும்பப் பெயரைச் சொல்லி மரியாதை வைத்தாள். இந்த ஊரில் அதைவிட நாலு அறை வாங்கிக்கொள்ளலாம்.)

3

லோதாரின் மகள் காத்ரினை முதல் பிரதியில் வில்லியாக எழுதியிருந்தேன். அப்பாவின் தோட்டத்தைப் பிடுங்க வந்தவள், கூரான மூக்கு, இத்யாதி. எழுதிவிட்டு நானே நம்பவில்லை. அந்தக் குளிர்காலத்தில் இரண்டு தடவை அடுப்பில் பாத்திரத்தைக் கருகவிட்டவர் லோதார். புகை மணி அடித்தபோது வேலையை விட்டு ஓடிவந்தவள் காத்ரின். செடி விஷயத்தை அவளிடம் சொன்னதும் வேறு யாருமில்லை, அவரேதான்.

"பாத்திரத்த யாரு வேணா மறப்பாங்கப்பா. இல்லாத வாசம் அடிக்குதுன்னா அது வேற. நாளைக்கு ஏதாவது காளான மோந்து பாத்துட்டுத் தின்னுட்டேன்னா?"

ஆகஸ்ட் முதல் வாரத்துக்குள் தோட்டம் வேண்டாம் என்று சங்கத்துக்கு எழுதிக் கொடுத்தால் நவம்பரோடு தோட்டம் வேறு கைக்குப் போகும். காகிதத்தைப் பூர்த்தி செய்து கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டுவிட்டுப் போனாள்.

4

எனக்கோ காகிதத்தைவிட அந்த வாசம்தான் அரித்தது. நாற்பது வருஷ மூக்கு ஏன் பொய் சொன்னது? பொருந்தாத எடைக்கல்லைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்காது.

ஜூலை கடைசியில் என் கறுப்புச் செடியில் பழம் பறித்துவிட்டு, அந்தக் கையோடு என் வெள்ளைச் செடியில் ஒரு மொட்டைக் கசக்கினேன். மோந்தேன்.

கறுப்பு.

விரலைக் கழுவினேன். வேறொரு மொட்டு. ஒன்றுமில்லை, பச்சைத் தண்ணீர்.

செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினேன்.

5

இரண்டு பேரையும் ரோஸ்விதாவின் மேசையில் உட்காரவைத்துச் சொன்னேன். லோதார் தோட்டத்தில் இருப்பது மூன்றும் கறுப்பு. அதை வெட்டிவிட்டு அதே கையோடு இங்கே வந்திருந்தால், அவர் மோந்தது அவருடைய விரலைத்தான்.

ரோஸ்விதா யோசித்தாள். "அதாவது, மூளை கெடல. கை கழுவல."

"அவ்வளவுதான்."

"அட அழுக்கு மூட்டை! போய்க் கையக் கழுவிட்டு வா, காப்பி ஆறுது." அந்த 'நீ' திரும்பி வந்துவிட்டது. "செடி ரெண்டு மூணு வருஷத்துல தேறிடும். அதுவரைக்கும் வெட்ட ஆள் வேணுமில்ல?"

லோதார் எழுந்திருக்கவில்லை.

"என்னோடத முதல்ல வெட்டியிருந்தாத்தான இது சரி?"

"ஆமா."

"இவளோடத முதல்ல வெட்டியிருந்தா?"

அவர் தோட்டக் குறிப்பேட்டை எடுத்துவந்தோம். 'பிப்ரவரி 17. யோவான் பழம் வெட்டியது, என்னுடையது மூன்று, அவளுடையது ஒன்று.' வரிசை இல்லை.

காத்ரினுக்கு ஃபோன் போட்டார். அவள் நேராகச் சொன்னாள்: "எத முதல்ல வெட்டுன? உன்னோடதுன்னு சொல்லு, காகிதத்த நானே கிழிச்சுடறேன்."

"ஞாபகம் இல்லம்மா."

ஃபோனை வைத்ததும் நான் சொன்னேன், "உங்களோடதுன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதான, லோதார்?"

"தெரியாதத தெரியும்னு சொல்ல ஆரம்பிச்சா, அப்பத்தான் எனக்கு நெசமாவே மூளை கெட்டுப்போச்சுன்னு அர்த்தம்."

6

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். சில முடிவுகளை விலை பேசிப் பார்த்தேன்.

எதிர்த் தோட்டத்துக்காரர் ஒருவர் அன்று ஜன்னல் வழியே பார்த்ததாகச் சொல்லலாம். (மலிவு. பிப்ரவரியில் இங்கே ஜன்னலோரம் யார் நிற்பார்கள்?) டாக்டர் சோதித்துவிட்டு மூளை சுத்தம் என்று சொல்லலாம். (அது ஆகஸ்டு மூளை. கேள்வி பிப்ரவரி மூளையைப் பற்றியது.) லோதாருக்குத் திடீரென்று ஞாபகம் வந்தது என்று எழு

(இல்லை. அந்த மனுஷனே சொல்லாத பொய்யை அவர் வாயில் நான் வைப்பதா?)

என் விளக்கம் கச்சிதமாகப் பொருந்துகிறது. அதுதான் எனக்குப் பயம். அளவெடுக்காமல் தைத்த சட்டை உடம்போடு ஒட்டி நின்றால், நல்ல வியாபாரி முதலில் தையலைப் பிரித்துப் பார்ப்பான். நான் அவர் பக்கத்துக்காரன். அவர் போனால் அந்த வேலிக்குப் பின்னால் யார் வருவார்களோ என்று கவலைப்படுகிறவன். என் சாட்சி செல்லாது. உங்களுக்கு அவர் மாமனுமில்லை, மச்சானுமில்லை. அதனால்:

பிப்ரவரி பதினேழு. லோதார் கத்தரியோடு வெளியே வந்தார்.

தன் செடிகளிடம் முதலில் போனார்.

ரோஸ்விதாவின் செடியிடம் முதலில் போனார்.

கடைசி இரண்டு வரிகளில் ஒன்றை அடித்துவிடுங்கள். அடிக்கும்முன் அவசரம் வேண்டாம். காகிதம் மேசையில் இருக்கிறது, ஆகஸ்டுக்கு இன்னும் மூன்று நாள் பாக்கி. ஆனால் பேனாவால் அடியுங்கள். பென்சில் கோட்டைக் காட்டினால் காத்ரின் நம்ப மாட்டாள். லோதார் அவளுக்கும் முன்னால் நம்ப மாட்டார்.