யார் நகர வேண்டும்

ஆய்வகத்தில் ஒரு பியூரெட் குழாய் உடைந்ததற்கு யாரும் அப்படி அழ மாட்டார்கள். வேதியியல் ஆசிரியை கண்ணாடித் துண்டுகளைத் தானே கூட்டி அள்ளிவிட்டு, அழுதுகொண்டிருந்த மாணவியைத் தராசு அறைக்கு அழைத்துப்போனாள்.

"கதவைச் சாத்தட்டுமா, திறந்தே இருக்கட்டுமா?"

"சாத்துங்க மேடம்."

துறைத்தலைவரின் செல்லப்பிள்ளையான ஆராய்ச்சி மாணவன், உபகரண அறையில் வைத்து அவளைப் பலவந்தப்படுத்தியிருந்தான். விக்கி விக்கித்தான் சொன்னாள். 'தனியா ஏன் போனே?' என்ற கேள்வி ஆசிரியையின் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"நீ சொல்றதை நம்புறேன்மா. உன் மேல தப்பே இல்ல. இப்ப உனக்கு என்ன வேணும்?"

"டாக்டர்கிட்ட கூட வர்றீங்களா? அப்புறம் அவன் மூஞ்சில முழிக்காம லேப் முடிச்சா போதும். அம்மாவுக்கு மட்டும் தெரிய வேணாம். படிப்பை நிறுத்திடுவாங்க."

"நீ சொல்லாம யார்கிட்டயும் வாயைத் திறக்க மாட்டேன். தலைவர்கிட்ட பேசட்டுமா?"

மாணவி சரியென்று தலையசைத்தாள்.

மருத்துவமனைக்குப் போய்வந்த பிறகு ஆசிரியை தலைவரைப் பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"காலேஜ் புகார்க் குழு விசாரிக்கட்டும். அதுவரைக்கும் அந்தப் பொண்ணை சாயங்கால பேட்ச்ல போடுங்க."

"அவனை மாத்துங்க சார். அவ ஏன் போகணும்?"

"பையனுக்கு எதிர்காலம்னு ஒண்ணு இருக்குல்ல? உங்களுக்கு ஏம்மா இந்த வம்பு?"

மாணவிதான் மாற்றப்பட்டாள். தோழிகள் எல்லாரும் காலை வகுப்பில். குழுவில் புதிதாக ஒருவர் வந்து உட்காரும்போதெல்லாம் முதலிலிருந்து சொல்லச் சொன்னார்கள். "இதை ஏற்கெனவே சொல்லிட்டா" என்று குறுக்கிட்ட ஆசிரியையை வெளியே அனுப்பினார்கள். கடைசியில் அவனுக்கு ஓர் எச்சரிக்கையும் மேல்மாடியில் வேறு மேசையும் கிடைத்தன. அடுத்த பருவத்தில் மாணவி படிப்பை விட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் தலைவர் ஆசிரியையைக் கூப்பிட்டனுப்பினார். "புது ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு. அந்த விஷயத்தை நாம எப்படி நல்லபடியா கையாண்டோம்னு நீங்கதான் பேசணும்."

பேசினாள்.

"ஒரு பொண்ணு வந்து சொன்னா நம்புங்க. என்ன வேணும்னு அவளையே கேளுங்க. நானும் கேட்டேன். அவ கேட்டது ரொம்பக் கொஞ்சம். அதைக்கூட நம்மால குடுக்க முடியல. அவ இப்ப இங்க இல்ல. அவன் மாடியில இருக்கான்."

தலைவர் எழுந்து தேநீர் இடைவேளை என்று அறிவித்தார். தேநீர் மேசையில் ஆசிரியையின் பக்கத்தில் யாரும் வந்து நிற்கவில்லை.

மாலையில் மாணவிக்குப் போன் செய்தாள்.

"எப்படிம்மா இருக்கே?"

"துணிக்கடையில வேலைக்குச் சேர்ந்திருக்கேன் மேடம். நாள் பூரா நின்னு கால் விட்டுப்போகுது." யாரோ அவளைக் கூப்பிடும் குரல் கேட்டது. "கஸ்டமர் வந்துட்டாங்க, வைக்கிறேன்."