கடைசிப் பக்கத்தை யார் வாசிப்பது

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனிதநேயம், கருணை என்று யாராவது பின்னட்டையில் எழுதினால் நம்பாதீர்கள்.

என் நாவல் வெளிவந்தபோது யாரும் திட்டக்கூட இல்லை. திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அந்த நேரத்தில்தான், இணையத்தில் கூடும் மூத்தோர் வாசிப்புக் குழு ஒன்று அதை அந்த மாதத்துக்கு எடுத்திருப்பதாகப் பதிப்பாளர் சொன்னார். விருந்தினராக அழைப்பார்கள் என்று காத்திருந்தேன். அழைக்கவில்லை. அறுபதைத் தாண்டிய யாரும் உறுப்பினராகலாம் என்றார்கள். அந்தத் தகுதியாவது இருந்தது. சேர்ந்துவிட்டேன்.

"என்ன, வேவு பாக்கப் போறீங்களா?" என்றாள் மனைவி, தேநீரை மேசையில் வைத்தபடி.

"நீ படிச்சிருந்தா நான் ஏன் அங்க போகப்போறேன்?"

"உங்களத்தான் தினமும் படிக்கிறேனே. புத்தகம் வேறயா?"

2

தொடக்கத்தைப் பலமுறை எழுதிப் பார்த்தேன்.

திரை முழுக்கச் சதுரங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு வாழ்க்கை—

(அடித்துவிட்டேன். இப்படி எழுதுகிறவனை நானே படிக்க மாட்டேன்.)

அந்த அம்மாளுக்குப் பார்வை இல்லை, ஆனால்—

(இந்த 'ஆனால்' வந்தாலே பின்னால் ஒரு பொய் வரிசையில் நிற்கிறது என்று அர்த்தம்.)

கண்டதை அப்படியே சொல்கிறேன். பாதிப் பேருக்கு நெற்றி மட்டும் தெரிந்தது. ஒருவருடைய சதுரத்தில் ஆளே இல்லை, மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. குழுவை நடத்தியவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. படிக்காமலே வந்து பொழிந்து தள்ளுகிறவர்கள் பெருகிவிட்டதால் ஒரு விதி வைத்திருந்தார்: கதை எப்படி முடிகிறது என்று சொல்லிவிட்டுத்தான் யாரும் கருத்துச் சொல்லலாம்.

(இது அடிக்குறிப்பாக வரவேண்டியது. நான் யார் என்று அவருக்குத் தெரியும். "எழுத்தாளரும் வந்திருக்கார். அவர் கடைசியில பேசுவார்" என்று சொல்லி என் வாயை அடைத்துவிட்டார். பின்வரிசைப் பையனைப்போல உட்கார்ந்திருந்தேன்.)

3

என் நாவலின் முடிவு உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. படுத்த படுக்கையாகக் கிடக்கும் மனைவியை ஒருவன் வருடக்கணக்கில் பார்த்துக்கொள்கிறான். கடைசிப் பக்கத்தில் பையை எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்தாமல் போய்விடுகிறான். துணிச்சலான முடிவு என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

முதலில் ஓய்வுபெற்ற காசாளர். "முடிவு மனசத் தொட்டுச்சுங்க."

"எப்படி முடியுது?" என்றார் தலைமையாசிரியை.

"அதான்... தொடுற மாதிரிதான்."

அடுத்து ஒரு மருந்துக்கடைக்காரர். அவசரமாக முடித்துவிட்டதாக என்மேல் குறைபட்டுக்கொண்டே புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படவே இல்லை.

பிறகு ஆபரேட்டர் அம்மா. தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலை பார்த்தவர் என்பதால் குழுவில் அந்தப் பெயர். அவருடைய கணவர் பின்னால் நாற்காலியில் இருந்தார்.

"எனக்குக் கண்ணு போயி ரொம்ப நாளாச்சு. இவர்தான் படிச்சுக் காட்டுவார்" என்று ஆரம்பித்தார். "முடிவு என்னன்னா, அவன் பையத் தூக்கிட்டுக் கிளம்புறான். போயிட்டான்னு அவ நெனச்சுக்கிறா. அவன் மருந்து வாங்கத்தான் போயிருக்கான். திரும்பி வந்து கதவச் சாத்திட்டு, 'வெளிய ஒரே காத்து'ங்கிறான். வேற ஒண்ணும் சொல்லல. அந்த ஒரு வார்த்தைக்காகவே இந்தப் புத்தகத்த வெச்சுக்கலாம்."

அந்த வார்த்தையை நான் எழுதவில்லை. என் நாவலில் காற்றே கிடையாது. எனக்கு வயிறு எரிந்தது, ஏனென்றால் அது நன்றாக இருந்தது.

4

காசாளர் இதற்குள் கைபேசியில் பதிப்பாளர் போட்டிருந்த கதைச்சுருக்கத்தைத் தேடி எடுத்திருந்தார். "இல்லைங்கம்மா. அவன் விட்டுட்டுப் போயிடுறான்னு இதுல போட்டிருக்கே."

யாரோ சிரித்தார்கள்.

"படிக்காம வர்றது ஒரு தப்பு. இல்லாதத இட்டுக்கட்டிச் சொல்றது அதவிடப் பெரிய தப்பு" என்றார் தலைமையாசிரியை. "இப்படின்னா நீங்க குழுவுல இருக்கிறதுல அர்த்தமே இல்லம்மா."

அப்போது பின்னால் நாற்காலியில் இருந்த கணவர் எழுந்தார். கேமராவைப் பார்த்து உள்ளங்கையை உயர்த்தினார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. அவர் மனைவிக்கு மட்டும் தெரியவில்லை. சிரித்தவர்கூட வாயை மூடிக்கொண்டார்.

(இந்த மனிதரை எழுதத்தான் எனக்கு வரவில்லை. முதல் வரைவில் உத்தமராக்கினேன், கதை சப்பென்று ஆகிவிட்டது. அடுத்ததில் அவருக்குப் பின்னால் அலமாரிமேல் ஒரு பையை வைத்தேன். நான் பார்க்காத பை அது, எடுத்துவிட்டேன். அந்தப் பக்கத்தை அவரால் ஏன் வாசிக்க முடியவில்லை? அவள் பயந்துவிடுவாள் என்றா? தானும் ஒருநாள் கிளம்ப நினைத்தவர் என்பதாலா? எனக்குத் தெரியாது.)

தெரிந்தது ஒன்றுதான். என் நாவலைக் கடைசி வரிவரை படித்த ஒரே வாசகர் அவர். அவருக்கு அது பிடிக்கவில்லை. மாற்றிவிட்டார்.

5

"எதுக்குச் சண்ட? எழுதினவரே இருக்காரே" என்றார் ஆபரேட்டர் அம்மா. "சார், அந்தக் கடைசிப் பக்கத்த மட்டும் வாசிச்சுக் காட்டுங்க."

நான் தொண்டையைச் செருமினேன்.

"நான் வேல பாத்த காலம் முழுக்கக் குரலோடயே இருந்தவ, சார். அந்தப் பக்கம் வந்தப்ப இவர் நிறுத்திட்டுத் தண்ணி குடிச்சார். அப்புறம் குரல் வேற மாதிரி ஆயிடுச்சு. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அது படிக்கிற குரல் இல்ல. என்னன்னு கேட்டா, 'ஒண்ணுமில்ல, தூங்கு'ன்னுட்டார். அதுல இருந்து எனக்குத் தூக்கம் இல்ல. குழுவுல வெச்சுக்கறீங்களோ இல்லியோ, எனக்கு அது தெரியணும்."

இதையெல்லாம் கணவர் பின்னால் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தார். கை மட்டும் இறங்கவில்லை.

6

இப்போது முடிக்க வேண்டும். முடிவுகள் கைவசம் இருக்கின்றன, எல்லாம் மட்டமானவை.

அச்சில் இருப்பதை வாசிக்கிறேன். குழுவின் விதி ஜெயிக்கும். திரை அணைந்த பிறகு அந்த அறையில் அவர்கள் இருவரும் என் வாக்கியத்தோடு இருக்க வேண்டும்.

கணவர் மாற்றிச் சொன்னதையே வாசிக்கிறேன். அந்த அம்மாள் கண்டுபிடித்துவிடுவார். வீட்டில் ஒரு பொய் போதாதென்று வெளியிலும் ஒன்று.

மின்சாரம் போய்விடுகிறது. (காறித் துப்புவீர்கள். துப்ப வேண்டியதுதான்.)

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். படுக்கையில் கிடக்கும் ஒருத்தியை விட்டு ஒருவன் போவதை, நடமாடும் மனைவி கொண்டுவந்து வைத்த தேநீரைக் குடித்துக்கொண்டே எழுதியவன் நான். துணிச்சலாம். இப்போது கசக்கிறது.

புத்தகத்தைத் திறந்துவிட்டேன். எல்லோரும் காத்திருக்கிறார்கள். என்னால் முடியாது. நான் வாயைத் திறந்தால் குரலே காட்டிக்கொடுத்துவிடும். என் செருமலையே அந்த அம்மாள் இந்நேரம் எடை போட்டிருப்பார். இதைப் படிக்கிற உங்கள் குரலை அவர் கேட்டதில்லை.

இதோ, பிடியுங்கள். 'அவன் பையை எடுத்துக்கொண்டான். கதவைச் சாத்தவில்லை.' இவ்வளவுதான் அச்சில் இருக்கிறது. அதற்குக் கீழே அரைப் பக்கம் காலியாக இருக்கிறது.

அந்த மனிதர் இன்னும் கையை இறக்கவில்லை. இப்போது உங்களைத்தான் பார்க்கிறார்.

வாசியுங்கள். சத்தமாக.